கெடு நாள்: பெண்ணாடம் வட்டாரத்தின் கடன் வரலாறு

1855ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து விவசாயியின் தலைவிதியைத் தொடுகிற இரண்டு காகிதங்கள் அச்சாயின. ஒன்று, சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை. நிலவரி பாக்கி வைத்தவர்களிடம் வசூல் எப்படி நடந்தது என்பதை அது கருவிகளின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்குவது கிட்டி. தலையைக் குனியவைத்துக் காலோடு கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். முரட்டு மாட்டை அடக்கப் போடும் கட்டின் பெயர் அது. மனிதருக்குப் போட்டபோதும் பெயரை மாற்றத் தோன்றவில்லை. இன்னொரு காகிதம், அதே ஆண்டின் 28ஆம் எண் சட்டம். 12 சதவீதத்துக்கு மேல் வட்டியைக் கோர்ட் ஏற்காது என்றிருந்த கம்பெனிக் காலத்துக் கட்டை அது அவிழ்த்துவிட்டது. கொடுத்தவரும் வாங்கியவரும் எந்த வட்டிக்கு ஒப்புக்கொண்டார்களோ அதையே தீர்ப்பாகத் தரலாம் என்றது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெண்ணாடம் வட்டாரத்தின் கடன் வரலாறு முழுவதும் அதற்குள் சுருங்கிக் கிடப்பது தெரியும். குறிப்பிட்ட நாளில் பணம் கட்டாவிட்டால் விரல் நசுங்கும். அந்த நாளில் பணம் வைத்திருப்பவர் என்ன விலை சொன்னாலும் சட்டம் குறுக்கே வராது.

வட்டிக் கொடுமை என்றதும் நாம் விகிதத்தைப் பேசுகிறோம். மூன்று வட்டியா, ஐந்து வட்டியா, பத்து வட்டியா என்று கேட்கிறோம். சட்டங்களும் நூறாண்டுக்கு மேலாக விகிதத்தையே குறிவைத்துவந்திருக்கின்றன. ஆனால் வட்டிக்காரர் விற்கும் சரக்கு பணமே அல்ல. அவர் விற்பது ஒரு நாள். நிலவரிக் கிஸ்தியின் கெடு, நாற்று நடும் நாள், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும் இரவு என்று அதற்குப் பல பெயர்கள். கெடு என்ற சொல்லுக்குத் தமிழில் தவணை முடியும் நாள் என்றும் பொருள், அழிவு என்றும் பொருள். இரண்டும் ஒன்றாகிற இடத்தில்தான் கந்துவட்டி முளைக்கிறது. விகிதத்தைக் குறைத்த சட்டங்கள் அந்த நாளுக்கு வேறு வழி செய்யாதபோதெல்லாம் வட்டிக்காரர் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். வெள்ளாற்றின் வடகரையில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே கார்டு லைன் ரயில் பாதையில் நிற்கும் இந்தச் சிற்றூரின் சுற்றுவட்டாரம் அதற்கு நல்ல சாட்சி.

பழைய காலத்தில் வட்டி இல்லாமல் இருந்ததில்லை. தூங்கானை மாடத்துப் பிரளயகாலேசுவரர் கோயில் இருக்கும் ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சோழர் காலக் கோயில்கள் பணத்தை வட்டிக்கு விட்டவைதான். கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலின் முதற்பணத்தை வாங்கிய ஊர்ச் சபைகள் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம் செலுத்தின. சில ஊர்கள் காசுக்கு முக்குறுணி நெல் என்று அளந்தன. இதில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை. கடன் வாங்கியது தனி மனிதர் அல்ல, சபை. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை, பல இடங்களில் நெல்லாகவே. கெடு, களத்துமேட்டைப் பார்த்து வைக்கப்பட்டது. இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் இரண்டு பெண்மக்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டே சொல்கிறது. சபை வாங்கிய கடன் நெல்லாய்த் திரும்பியது. தனி மனிதரின் பசி, ஆளையே விலையாகக் கேட்டது. கடன் யார் தலையில் விழுகிறது, எந்த நாளில் விழுகிறது என்ற கேள்வி அப்போதே விகிதத்தைவிடப் பெரிதாக இருந்தது.

1801இல் கர்நாடகம் கம்பெனி கைக்கு வந்தபின் ரயத்துவாரி முறையில் வரி தனி விவசாயியின் பெயரில், ரொக்கத்தில், மாதம் குறித்து வந்தது. கிஸ்தி வரும் நேரமும் ஊர் முழுக்க நெல் களத்துக்கு வரும் நேரமும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டாம். எல்லாரும் ஒரே வாரத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. விழுந்த விலைக்கு விற்க மனமில்லாதவர் கடன் வாங்கிக் கிஸ்தி கட்டுகிறார். விற்றுத் தீர்த்தவர் நாலு மாதம் கழித்து விதைக்கும் சோற்றுக்கும் கடன் வாங்குகிறார். பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வந்தது. மணிலாக் கொட்டை என்பது இந்த ஜில்லாவின் வாயில் மல்லாட்டை ஆயிற்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில், பெண்ணாடம் அடங்கிய தென்னாற்காடுதான் சென்னை மாகாணத்தின் முதன்மையான மல்லாட்டை ஜில்லா. புதுச்சேரி வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறிய சரக்கு அது. விதைக்கவும் களையெடுக்கவும் வியாபாரி முன்பணம் தருவார், விளைச்சலை அவருக்கே போட வேண்டும். பத்திரத்தில் வட்டி என்ற சொல்லே இல்லாமலும் இருக்கலாம். வட்டி, விலையிலும் எடையிலும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். விகிதத்துக்கு உச்சவரம்பு போட்டிருந்தாலும் இந்தக் கடனை அது தொட்டிருக்காது. சந்தையும் கிஸ்தியும் சேர்ந்து ஒரு நாளை நெருக்கடியாக்கின. அந்த நெருக்கடியை வாங்கி விற்றவர்தான் வியாபாரி.

வட்டிக்காரர் என்றதும் வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் உருவத்தைச் சினிமாவும் கதைகளும் நமக்குப் பழக்கிவைத்திருக்கின்றன. அடகுக்கடைச் சேட்டு, காபூல்காரர், செட்டியார் என்று ஏதோ ஒரு சாதியின் முகம். சென்னை அரசு 1890களில் விவசாய வங்கிகளைப் பற்றி ஆராய அமர்த்திய பிரெடரிக் நிக்கல்சன் பதிவான அடமானங்களைக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த படம் வேறு. இந்த மாகாணத்துக் கிராமங்களில் கடன் கொடுத்தவர்களில் பெரும்பகுதி விவசாயிகள்தாம். பத்து ஏக்கர் வைத்திருந்தவர் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவருக்குக் கொடுத்தார். பெரும் லேவாதேவிக்காரர்களின் பணம் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. பர்மாவின் கீழ்ப்பகுதி நெல் மாவட்டங்களில் 1930களின் கடைசியில் நிலத்தின் கால்பங்கு நகரத்தார் என்ற செட்டியார்கள் வசம் வந்திருந்தது. கடனும் வங்கியும் வளர்த்த செல்வம் 1929இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமாக எழுந்ததை இந்த மாவட்டத்துக்காரர் யாரும் குறையாகச் சொல்ல மாட்டார். ஆனால் பெண்ணாடம் பக்கத்து ஏழை விவசாயியின் புரோநோட்டு இருந்தது அடுத்த தெருவில். கடன் கொடுத்தவரே பஞ்சாயத்து பேசுபவர், தண்ணீர் முறை சொல்பவர், அறுவடைக்கு வேலை தருபவர். அவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தைக் கடனாளி எந்த முகத்தோடு எடுத்துப்போவார்? சட்டம் போட்டவர்கள் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டியே போய்விட்டார்கள்.

அடுத்த தெருக் கடன் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஜில்லாவிலேயே ஒரு பதிவு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி விவரம் சேர்த்தார், 1918இல் நூலாக்கினார். அதில் தென்னாற்காட்டு ஊர் இருவேல்பட்டு, திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அங்கே படியாள் என்று ஒரு வகுப்பு. கல்யாணத்துக்காக வாங்கிய சிறு தொகை அசலாகவே நிற்கும். உழைப்பு வட்டிக்குச் சரியாகும். கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். நிலம் கைமாறினால் கடனோடு ஆளும் புது உடைமையாளரிடம் போவார். இங்கே விகிதம் என்ன என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது, ஏனென்றால் கணக்கே இல்லை. இருந்தது ஒரு முகூர்த்த நாள். அன்று கையில் பணமில்லாதவருக்கு அதைக் கொடுத்தவர், அதற்குப் பிறகு வந்த எல்லா நாள்களையும் எடுத்துக்கொண்டார். பெண்ணாடத்துக் கலிக்கம்ப நாயனாரின் கதையில், முன்பு தம்மிடம் ஏவல் செய்து பிரிந்துபோனவர் அடியாராகத் திரும்பி வந்தபோது அவர் காலுக்குத் தண்ணீர் வார்க்க நாயனாரின் மனைவி தயங்கி நிற்பார். பக்திக் கதையாகவே படிக்கப்படுகிற அந்தத் தயக்கத்தில் ஊரின் சமூக வரலாறு முழுவதும் இருக்கிறது. ஏவல்காரர் ஏவல்காரராகவே நினைவில் நிற்கிறார். கடன் செய்வதும் அதையே. இதே பழைய ஜில்லாவில், கடலூர் விழுப்புரம் எல்லைக் கிராமங்களில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து பல ஆண்டு வேலை செய்த இசபெல் கெரான் குழுவினரும் இதைத்தான் கண்டார்கள். யாரிடம் எவ்வளவு வட்டி என்பதைப் போலவே, யார் முன் கைநீட்டினால் தலை குனியும் என்பதும் கடனைத் தீர்மானிக்கிறது. கௌரவத்துக்காகக் கூடுதல் வட்டி கொடுப்பவர்கள் உண்டு.

நிக்கல்சன் தந்த தீர்வு ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களைப் போல ஊருக்கு ஊர் தன் பணத்தைத் தானே சேர்த்துத் தானே கடன் கொடுக்கும் சங்கம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது. எண்ணம் சரி. ஆனால் சுதந்திரத்துக்குப்பின் ரிசர்வ் வங்கி 1951-52இல் எடுத்த அகில இந்திய ஊரகக் கடன் கணக்கெடுப்பில், விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம். தொழில்முறை லேவாதேவிக்காரரும் விவசாய வட்டிக்காரரும் சேர்ந்து எழுபது சதவீதத்துக்குப் பக்கம். ஐம்பது ஆண்டு உழைப்புக்கு மூன்று சதவீதம்! மக்களுக்கு விவரம் போதாது என்று அன்றைய அதிகாரிகள் எழுதினார்கள். உண்மையில் விவரம் அவர்களுக்கு நன்றாகவே இருந்தது. சங்கத்தில் மனு போட்டு, ஜாமீன் காட்டி, கமிட்டி கூடி, ஜில்லா வங்கியிலிருந்து பணம் வரும்போது நடவு முடிந்திருக்கும். ஆறேகால் சதவீதத்துக்குத் தை மாதம் கிடைக்கும் பணத்தைவிட, ஐப்பசியில் கிடைக்கும் இருபத்துநாலு சதவீதப் பணம் மலிவு. பயிர் அதற்குள் காயாமல் இருக்கும் அல்லவா?

விகிதத்தின் பக்கம் நின்று வாதாடுபவர்களுக்கு வலுவான சாட்சி 1938இன் நான்காம் எண் சட்டம், ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1930க்குப்பின் நெல் விலை பாதிக்கு விழுந்தது. கிஸ்தியும் கடனும் பழைய ரூபாய்க் கணக்கிலேயே நின்றன. அந்த நெருக்கடியில் வந்த சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் ரத்து செய்தது. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. இனி வாங்கும் கடனுக்கு வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதாவது ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம். இந்தச் சட்டம் பல குடும்பங்களின் நிலத்தைக் காப்பாற்றியது என்பதை மறுப்பவர் வரலாறு தெரியாதவர். ஆனால் அதில் விவசாயி என்றால் நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவர். படியாளுக்கு என்ன நிலம்? கடன் மிக ஆழமாகப் பதிந்திருந்த ஆளைச் சட்டத்தின் இலக்கணமே வெளியே நிறுத்தியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட 1976 ஆயிற்று. உள்ளே இருந்தவர்களுக்கும் சட்டம் பழைய கெடுவை அழித்தது, அடுத்த நடவுக்கு யார் பணம் தருவார் என்று சொல்லவில்லை. கொடுப்பவர்கள் எச்சரிக்கையானார்கள். நோட்டுக்குப் பதில் கிரயப் பத்திரம் கேட்டார்கள். வாங்குகிற தொகை ஒன்று, எழுதுகிற தொகை இன்னொன்று என்பது சட்டம் இறங்காத இடத்தில் வட்டி ஒளிந்துகொண்ட விதம்.

அப்படியானால் சட்டமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். எதற்கு வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். 2003இல் ஒரு திரைப்படத் தயாரிப்பாளரின் தற்கொலைக்குப்பின் தமிழக அரசு அதீத வட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருப் பேச்சின் சொற்களே முதல்முறையாகச் சட்டப் புத்தகத்தில் ஏறின. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடனாளி தற்கொலை செய்துகொண்டு, அதற்கு முன் தொல்லை கொடுக்கப்பட்டது நிரூபணமானால் தூண்டியதாகவே கருதப்படும். வாங்கியவர் பாக்கியை நேரே கோர்ட்டில் கட்டிவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. அந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பவர் குறைவு. இவ்வளவு இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்தது. 2022இல் இந்த மாவட்டத்தின் புவனகிரிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு காவலர் கந்துவட்டிக் கடனால் உயிரை விட்டபின் காவல்துறைத் தலைவர் மாநிலம் முழுக்க ‘ஆபரேஷன் கந்துவட்டி’ நடத்த ஆணையிட்டார். காவல்துறையின் உள்ளே வேலை செய்தவருக்கே புகார் எழுத முடியவில்லை என்றால், குற்றம் சட்டத்தின் பற்களில் மட்டும் இல்லை. புகார் கொடுத்தால் ஒரு கடன் தீரும், அடுத்த கடனுக்கு ஊரில் ஆள் கிடைக்காது. கடனாளி கணக்குப் போடுவது இப்படித்தான், தப்பாகவும் போடவில்லை.

இன்னொரு வாதம் பழையது. வெள்ளைக்கார கலெக்டர்கள் எழுதியது, இன்று வங்கி மேலாளர்கள் வாயிலும் கேட்பது: இவர்கள் ஆடம்பரமாகச் செலவு செய்கிறார்கள், கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று கடன் வாங்குகிறார்கள். செலவு நடப்பது உண்மை. ஆனால் நிலமோ சேமிப்போ இல்லாத ஊரில் உறவே காப்பீடு. அதைப் புதுப்பிக்கிற நாள்தான் விசேஷம். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். இன்னார் 500, இன்னார் 1,001 என்று எழுதி வைத்திருப்பது வட்டியில்லாக் கடன் பேரேடு. செலவு வருகிற அந்த நாளிலேயே பணமும் வருகிறது, திருப்பிக் கட்டும் கெடு கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இதை மொய் விருந்து என்று தனியாகவே நடத்தித் தொழிலுக்கு முதல் சேர்க்கிறார்கள். கைமாத்து, மொய், தெரிந்தவர்களுக்குள் போடும் சீட்டு ஆகிய மூன்றும் வட்டிக்காரரைச் சந்திக்காமல் ஒரு நாளைக் கடக்க மக்கள் தாங்களே கண்டுபிடித்த பாலங்கள். பாலம் எப்போதும் தாங்காது. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் வெள்ளம் வந்தால் மொய் வைக்க ஆள் இருக்காது. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது ஊரே ஒரே நாளில் கடனாளி ஆயிற்று.

கெடு கடனாளியின் கைக்கு வெளியே வைக்கப்படுவதற்குப் பெண்ணாடம் வட்டாரத்தின் கரும்பைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1966இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலை பதினான்கு நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஊரை ஒட்டிய இறையூர் ஆலையில் கரும்புப் பணம் நிலுவையாய் நின்றதும், அதை நடத்திய நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனதும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த கதை. வெட்டுக்கூலி அன்றன்றைக்கே கொடுத்தாக வேண்டும். உரக்கடை பாக்கி நிற்கும். ஆலை எப்போது கொடுக்கும் என்று சொல்ல முடியாது. அந்த 15 சதவீதத்தை நம்பித் தண்டல்காரர் ஒரு வாரம் தள்ளிவைக்க மாட்டார். பெரிய நிறுவனம் தன் கெடுவைத் தவறலாம். அந்தத் தவறுதலுக்கான வட்டியை வயலில் நிற்பவர் கட்டுகிறார். வட்டிக்காரர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, கண்ணில் படுகிற கண்ணியும் அவரே. அதனால்தான் கோபமெல்லாம் அவர்மேல் விழுகிறது.

தண்டலின் கணக்கை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்க்கலாம். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. நாளுக்கு நூறு, நூறு நாள். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே’ என்பார்கள். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாகக் கையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்தைத் தொடுகிறது. பூ விற்பவருக்கு இது தெரியாமல் இல்லை. காலையில் வந்த நூறு சாயங்கால வியாபாரத்தில் போய்விடும், மாதக் கடைசியில் மூவாயிரம் சேர்த்துக் கட்டு என்றால்தான் அவரால் முடியாது. தண்டல்காரர் அவருடைய வருமானத்தின் தாளத்துக்கே கெடு வைக்கிறார். கடனாளிக்குக் கணக்குத் தெரியாமல் போகிற இடம் வேறு. புரோநோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘வரவு ஐந்நூறு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கட்டியவர் அதை ரசீது என்று நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அது நோட்டுக்கு மறுபிறப்பு. மூன்று ஆண்டில் காலாவதியாக வேண்டிய நோட்டு, கெடு முடியுமுன் எழுதிய அந்த வரவால் அன்றிலிருந்து இன்னும் மூன்று ஆண்டு ஓடும். தொகை எழுதாத நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதே வகை. பணம் கட்டும்போது தனித்தாளில் ரசீது கேட்பதும், தீர்ந்ததும் நோட்டைக் கையில் வாங்கிக் கிழிப்பதும் சின்ன விஷயங்கள்தாம். ஆனாலும் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கடன் வழக்கு அங்கேதான் தோற்கிறது.

இந்த வட்டாரத்தில் வட்டிக்காரரின் பிடி ஓரளவு தளர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991-92இல் அப்போது பிரிக்கப்படாத தென்னாற்காட்டுக்கு வந்தது. பதினைந்து இருபது பெண்கள், மாதம் சிறு சேமிப்பு, அந்தப் பணத்திலிருந்தே உள்கடன். வழக்கமான வட்டி நூற்றுக்கு இரண்டு. ஆண்டுக்கு இருபத்துநாலு சதவீதம். வங்கி வட்டியைவிட இரண்டு மடங்கு! யாரும் அதைக் கந்துவட்டி என்று சொல்லவில்லை. கேட்ட அன்றே பணம் கிடைத்தது. இந்த மாதம் முடியவில்லை என்றால் கூட்டத்தில் சொல்லித் தள்ளிவைக்க முடிந்தது. வட்டி குழுவுக்கே திரும்பியது. விகிதத்தைவிட நாள் முக்கியம் என்பதற்கு இதைவிடக் கறாரான சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பிறகு அதே குழு என்ற பெயரைச் சுமந்துகொண்டு நுண்கடன் நிதி நிறுவனங்கள் வந்தன. வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கூட்டம், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட வேண்டும், பணம் சேரும்வரை யாரும் எழக்கூடாது. விகிதம் தண்டலைவிடக் குறைவு, ரசீதும் உண்டு, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையும் உண்டு. தள்ளிவைக்கிற உரிமை மட்டும் போய்விட்டது. விளைவு தெரிந்ததே: குழுவுக்குக் கட்டத் தண்டல், தண்டலுக்குக் கட்ட நகை, நகையை மீட்க இன்னொரு குழு. பெண்கள் இதை ‘ரொட்டேஷன்’ என்கிறார்கள். கெரான் குழுவினர் 2023இல் வெளியிட்ட நூல், வீட்டுக் கடனின் நாள்களை நினைவில் வைத்து ஓட்டும் வேலை முழுவதும் பெண்ணின் தலையில் ஏறியதைத்தான் விரிவாகச் சொல்கிறது. குடும்ப வருமானத்தில் பாதிக்குமேல் தவணை போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரம்பு வைத்தது. வசூலில் மிரட்டலைத் தண்டிக்கத் தமிழகம் 2025இல் தனிச் சட்டம் போட்டது. பல்லாண்டு பெரும்பாலும் விகிதத்தையே பார்த்த சட்டம் வசூல் நாளையும் பார்த்திருக்கிறது என்ற அளவில் இது நல்ல திருப்பம்.

கூட்டுறவு சங்கம் இன்று 1951இன் சங்கம் அல்ல. பயிர்க்கடன் பருவத்தில் கிடைக்கிறது, உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. 2021இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியும் ஆயிற்று. ஆனால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். வெள்ளாற்றுப் படுகையில் பல வயல்களை உழுபவர் வாரத்துக்கோ வாய்மொழிக் குத்தகைக்கோ உழுபவர். அவர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது. பதியச் சொன்னால் நிலம் கைவிட்டுப் போகும் என்பதால் அவர் வாயைத் திறப்பதில்லை. 1938இல் நிலமில்லாததால் நிவாரணத்துக்கு வெளியே நின்ற ஆளின் பேரன், இன்று அடங்கலில் பெயரில்லாததால் வட்டியில்லாக் கடனுக்கு வெளியே நிற்கிறார். யூரியாவும் மருந்தும் அவர் கடையில் கணக்கு வைத்து வாங்குகிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சேர்த்து எழுதிக்கொள்கிறார். விளைந்ததும் மக்காச்சோளமும் நெல்லும் அந்தக் கடைத் தராசுக்கே போகின்றன, மல்லாட்டை போனதைப் போல.